வாட்டம்

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து பின்கட்டுக் குளியலறைப் பக்கம் போனபோது அந்த வாடை வந்தது, சாக்கடை நாற்றம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் ஒண்டுக்குடித்தனத்தில் மோந்து வளர்ந்தவனுக்கு அதிலேயே நாலைந்து தினுசு தெரியும், அடுக்களைத் தண்ணீர் தேங்கினால் புளித்த மோர் மாதிரி ஒன்று, சோப்புத் தண்ணீர் நாள்பட்டால் ஈரத்துணியை மூட்டை கட்டிப் போட்டுவைத்த மாதிரி ஒன்று, இது அழுகிய முட்டை, அதாவது பூமிக்கடியில் உள்ள குழாயிலிருந்து காற்று நேரே வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். அந்தக் குளியலறையை இப்போது யாரும் புழங்குவதில்லை, மகள் பெங்களூருக்குப் போன பிறகு துடைப்பமும் கைப்பிடி போன பக்கெட்டும்தான் அங்கே குடித்தனம். விளக்கைக்கூடப் போடாமல் ஒரு செம்பு தண்ணீரை எடுத்துத் தரைத் துவாரத்தில் ஊற்றினேன், ஊற்றி முடித்த பிறகுதான் அது பாட்டியின் பழக்கம் என்று உறைத்தது.

அந்தத் துவாரத்துக்கு அடியில் குழாய் ஒரு வளைவு வளைந்து, மேலே ஏறி, அப்புறம்தான் இறங்கும், அந்த வளைவில் எந்நேரமும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும், ஊர்ச் சாக்கடைக்கும் நம் மூக்குக்கும் நடுவே உள்ள கதவு அந்த இரண்டு அங்குலம்தான், புழங்காத அறையில் அது கோடையில் வற்றிவிட்டால் கதவைத் திறந்துவைத்த மாதிரி. 1969-இல் கும்பகோணத்து வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்த பாட்டிக்கு அப்பா இதைக் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார், பாட்டி படத்தைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை, விசிறிக் காம்பால் முழங்காலைத் தட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தபடி கேட்டாள், ஆனால் அன்றைக்கு ராத்திரியிலிருந்து படுக்கப் போகுமுன் வீட்டிலிருந்த மூன்று துவாரத்துக்கும் தலைக்கு ஒரு செம்பு என்று ஊற்ற ஆரம்பித்தாள், காலையில் துளசிக்கு விடுகிற அதே சாய்வில், அதே நிதானத்தில். எங்கள் வீட்டில் தண்ணீருக்குத் தீர்த்தம் என்றுதான் பேர், ஆகவே ராத்திரி ஒன்பது மணிக்குக் கூடத்திலிருந்து "எல்லாத்துக்கும் தீர்த்தம் விட்டாச்சுடா" என்று குரல் வரும், அப்பா பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

இந்தத் தடவை ஒரு செம்பு தீர்த்தத்தில் காரியம் ஆகவில்லை. ஆறு மணிக்கு மாடியில் குடியிருக்கிறவர்கள் எழுந்து புழங்கத் தொடங்கினார்கள், ஆறரைக்கு வாசல் பக்கத்துச் சேம்பர் மூடியின் விளிம்பில் நுரை கட்டியது, ஏழுக்குள் சாம்பல் நிறத் தண்ணீர் கோலத்தை நனைத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தது. மூடியைத் தூக்கப் பார்த்தேன், துரு ஏறி வார்ப்படச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அப்பா போய்ப் பதினொரு வருஷம், அந்த மூடியைத் திறந்தும் பதினொரு வருஷம்.

அப்பா பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன். 1968-இல் அசோக் நகரில் இந்த வீட்டைக் கட்டியபோது மேல்தளம் போட்ட அன்றைக்குக்கூட அலுவலகம் போனவர், சாக்கடைக் குழாய் பதித்த இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டுப் பள்ளத்தின் கரையில் குந்தி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வீடு என்பது வாட்டம்தான், சுவர் ஒரு நூல் சாய்ந்தால் பூசி மறைத்துவிடலாம், மண்ணுக்குள் போகிற குழாய்க்கு வாட்டம் தப்பினால் மூன்று தலைமுறைக்கும் தப்பு என்பார். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, ஆறு அங்குலத்துக்கு அறுபதுக்கு ஒன்று, ஒன்பதுக்குத் தொண்ணூறு, வாய்ப்பாடு மாதிரி என்னைச் சொல்லவைத்தார், வாட்டம் குறைந்தால் எல்லாம் அங்கங்கே படுத்துக்கொள்ளும், ரொம்பக் கூடினால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றதை விட்டுவிட்டு. பின்கட்டுச் சேம்பரிலிருந்து வாசல் சேம்பர் வரை 30 அடி, அதற்கு 9 அங்குல இறக்கம், ஒவ்வொன்றும் இரண்டு அடி நீளமுள்ள பழுப்பு நிற ஸ்டோன்வேர் குழாய் பதினைந்து, கொத்தனார் அதை மண்பைப்பு என்றார். உப்புப் போட்டுச் சுட்ட மெருகு உள்ளேயும் வெளியேயும் பளபளக்கும், விரல் கணுவால் தட்டினால் கோயில் மணி அளவுக்கு இல்லாவிட்டாலும் வெண்கலப் பானை அளவுக்குச் சத்தம் வரும், சத்தம் மங்கினால் கீறல், அப்படி இரண்டை அப்பா திருப்பி அனுப்பினார். ஒன்றின் வாய்க்குள் இன்னொன்றை நுழைத்து, சுற்றியுள்ள இடுக்கில் சிமெண்ட் பாலில் தோய்த்த சணலைத் திணித்து, மேலே சிமெண்ட்டைச் சாய்வாகப் பூசுவார்கள், கொத்தனார் அந்தச் சணலை முறுக்கிய விதம் பாட்டி விளக்குத் திரி திரிப்பதுபோலவே இருந்தது, தொடையில் வைத்து, ஒரே இழுப்பில்.

மூன்றாம் நாள் மண்ணைத் தள்ளி மூடுமுன் ஒரு சோதனை. அடுக்களையிலிருந்து மஞ்சள் பொடி வாங்கிவரச் சொல்லி ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தார், அவர் பின்கட்டில் நின்றார், நான் வாசல் சேம்பரில் குனிந்து நின்றேன், "விட்டாச்சு" என்று குரல் கேட்டதும் எண்ண வேண்டும். ஒரு வினாடிக்கு இரண்டரை அடி ஓடினால்தான் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும், 30 அடிக்குப் பன்னிரண்டு வினாடி. நான் பத்து, பதினொன்று என்று எண்ணும்போது சேம்பர் அடியில் அரைவட்டமாக வழித்துப் பூசியிருந்த வாய்க்காலில் மஞ்சள் ஒரு நாக்கு மாதிரி நீண்டு வந்தது, பன்னிரண்டில் வாய்க்கால் நிறைந்தது, "வந்துடுத்து" என்று கத்தினேன். அப்பாவின் முகத்தில் அவ்வளவு திருப்தியை அதன் பிறகு என் பள்ளிக்கூட மார்க்குகள் எதற்கும் நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு சித்திரையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று ஒதுக்கியிருந்தார், மூன்று மூடிகளையும் கொக்கி போட்டுத் தூக்கி வெயிலில் சாய்த்துவைப்பார், விளிம்பில் உள்ள பழைய கிரீஸைச் சுரண்டிப் புதுசு தடவுவார், அடுக்களைக் குழாயில் சலவைச் சோடா கலந்த கொதிநீரை இரண்டு குடம் விடுவார், உள்ளே பாளம் பாளமாக ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு இளகி மிதந்து வரும், கடைசியில் மஞ்சள் வாளி, நான் எண்ணுவேன். வேப்பமரத்தடியில் கிரீஸும் சோடாவும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனை எனக்குச் சித்திரையின் வாசனை, மற்றவர்களுக்கு அது மாம்பழமாகவோ வேப்பம்பூவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

கும்பகோணத்து வீட்டில் குழாயே கிடையாது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், தளிகையறை, கிணற்றடி என்று வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் வெளிச்சம் தெரிகிற நீள வீடு, முற்றத்து மழைத்தண்ணீர் கல் தூம்பு வழியாக நடைக்கு அடியில் ஓடிக் கிணற்றடி ஜலதாரையில் சேர்ந்து, அங்கிருந்து வாழைக்கும் சேம்புக்கும் போய்விடும், பாத்திரம் தேய்த்த தண்ணீரில் வளர்ந்த சேம்பிலை ஒவ்வொன்றும் குடை அகலம் இருக்கும். கொல்லைக்குப் போவது என்றால் அங்கே நிஜமாகவே கொல்லைக்குப் போவதுதான், கிணறு தாண்டி, பவழமல்லி தாண்டி, கடைசிச் சுவரோரம் ஓடு வேய்ந்த எடுப்புக் கக்கூஸ், பக்கத்தில் அடுப்புச் சாம்பல் நிறைந்த ஒரு தகர டப்பா, போய்விட்டு ஒரு கை சாம்பலைத் தூவிவிட்டு வர வேண்டும். விடியற்காலையில் பவழமல்லியும் சாம்பலும் அதுவும் கலந்து ஒரு வாடை, அருவருப்பு என்று அப்போது தோன்றியதில்லை, இப்போதும் எங்காவது பவழமல்லி மணத்தால் எனக்கு முதலில் சாம்பல்தான் நினைவுக்கு வருகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து, அந்தச் சந்துக்கு ஊரில் இருந்த பேரை இப்போது எழுத முடியாது, எழுதவும் கூடாது. காலை ஏழு மணிவாக்கில் கக்கூஸின் பின்புறத் தகரக் கதவு கிரீச்சிடும், தகரம் கல்லில் உரசுகிற சத்தம், வாளி வைக்கிற சத்தம், அவ்வளவுதான், ஆளைப் பார்க்க முடியாது, பார்க்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை, எனக்கு எட்டு வயதிருக்கும், சுவர் இடிந்த இடத்தின் வழியாகப் பார்த்தேன், மூக்கைப் புடவைத் தலைப்பால் சுற்றிய ஒரு மனுஷி, என் அம்மாவின் வயதுதான் இருக்கும், வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தாகத்துக்குக் கேட்டாள். பாட்டி செம்போடு போனாள், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, கையை நன்றாக உயர்த்தி, அந்தப் பக்கம் குவித்த கைகளில் ஊற்றினாள், ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை, அவ்வளவு பழக்கம் இரண்டு பேருக்கும். பாட்டி கெட்டவள் இல்லை, பொங்கலுக்குப் புடவை, தீபாவளிக்குப் பட்சணம் எல்லாம் அந்தச் சுவரின் மேல் வைப்பாள், நூற்றெட்டு திவ்யதேசத்தின் பெயரும் அவளுக்கு வரிசை பிசகாமல் வரும், இருபது வருஷம் வந்துபோனவளின் பெயர் மட்டும் தெரியாது. பின்னாளில் நான் கேட்டபோது, "இந்தாடின்னுதான் கூப்பிடுவேன், வந்துடுவா" என்றாள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னமோ அழகாப் பேரு இருந்துதுடா" என்றாள்.

அசோக் நகருக்கு வருமுன் நாங்கள் இருந்தது திருவல்லிக்கேணியில், ஏழு குடித்தனத்துக்கு இரண்டு கக்கூஸ், காலையில் தகர வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போகலாம். அந்த வீட்டின் பின்சுவரில் வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று மொட்டை மாடிக்கு மேலும் ஏறி, உச்சியில் கம்பிக் கூண்டோடு நிற்கும், காற்றுப் பைப்பு, உள்ளே உண்டாகும் வாயு நம் தலைக்கு மேல் போவதற்கு, காக்கை அதில்தான் உட்காரும். ஒருமுறை அதன் மூட்டு விட்டுக் கசிந்தபோது வயதான பிளம்பர் ஒருவர் வந்தார், சைக்கிள் கேரியரில் கரி அடுப்பு, இரும்புக் கரண்டி, சணல் உருண்டை. ஈயக் கட்டியை உருக்கினார், மேலே மிதந்த ஏட்டைக் கரண்டி முனையால் பால் ஏடு ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கினார், அடியில் வெள்ளி முகம் பார்த்தது. ஊற்றுமுன் மூட்டைத் துணியால் மூன்று தடவை துடைத்து, பிறகு தன் உள்ளங்கையையே வைத்துப் பார்த்தார், துளி ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்து முகத்தில் அடிக்கும், குழந்தைகள் எல்லாம் மாடிப்படிக்கு மேலே போங்கோ என்று ஏழு குடித்தனத்து அம்மாக்களும் ஒரே குரலில் கத்தினார்கள். ஊற்றியது ஒரே ஊற்று, நடுவில் நிறுத்தக் கூடாது, ஆறியதும் உளி மாதிரி ஒன்றை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறுக்கினார், அந்தக் குழாய் நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை கசியவில்லை. சூடான ஈயத்துக்கு ஒரு மணம் உண்டு, நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாத மணம், அது உடம்புக்கு விஷம் என்று பின்னால்தான் படித்தேன்.

அதே தெருவில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். தெரு நடுவில் மேன்ஹோல் மூடியை எடுத்துவைத்துவிட்டு இரண்டு பேர் பீடி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு உள்ளே கரப்பான் ஓடுகிறதா பார்க்கிறோம் என்றார்கள், கரப்பான் உயிரோடு இருந்தால் மனுஷனும் இறங்கலாம். அழுகிய முட்டை நாற்றம் இல்லையென்றால் பயமில்லை என்று நினைக்கிறவன் ஏமாந்துபோவான், வாயு கூடக்கூட மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதியாக இருக்கிற நிமிஷம்தான் ஆளைக் கொல்கிற நிமிஷம். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒருவர் கோவணத்தோடு இறங்கினார், முழுகினார், ஏறினார், இடுப்புக் கயிற்றோடு தார் பூசிய சிலை மாதிரி நின்றவர் மேல் மற்றவர் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினார், கறுப்பு வழிந்து தோல் தெரியத் தெரிய அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சென்னையின் பாதாளச் சாக்கடையை 1910-இல் திட்டமிட்டபோது 1961-இல் ஊரில் ஆறரை லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டுக் குழாய் போட்டார்களாம், அந்த வருஷம் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது 17 லட்சம் பேர், மிச்சம் பத்து லட்சம் பேரின் பாரத்தையும் சேர்த்துத் தூர்வாரத்தான் அவர் இறங்கினார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கழிவை மனுஷன் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொன்று, சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதையே 30 லட்சமாக்கியது, அதே வருஷ மத்திய பட்ஜெட் உரையில் மேன்ஹோல் இனி மெஷின் ஹோல் என்றார்கள். இறங்குவது இன்னும் நிற்கவில்லை, தொகை மட்டும் ஏறியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்தது மெஷின்தான், அதில் எனக்கு நிம்மதி. இரண்டு இளைஞர்கள், ரப்பர் பூட்ஸ், தோளில் சுருட்டிய மஞ்சள் ஹோஸ், கையுறை ஒரு ஜதை இருந்தது, அதை ஆளுக்கொரு கையாகப் பங்கு போட்டிருந்தார்கள். லைன் எங்கே போகிறது என்று கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை, நின்று மஞ்சள் எண்ணியவனுக்கே நடுச் சேம்பர் எங்கே என்று தெரியவில்லை, கார் நிறுத்துவதற்காக நான்தான் அதன் மேல் டைல்ஸ் ஒட்டவைத்திருக்கிறேன். அப்பா ஒரு நோட்டில் அளவோடு வரைந்து வைத்திருந்தார், வீட்டு வரி ரசீதுகளோடு அது எங்கே போயிற்றோ. டைல்ஸைத் தட்டித் தட்டிப் பொத்தென்று சத்தம் வந்த இடத்தில் உடைத்தார்கள், சரியாக அங்கேதான் இருந்தது, அந்தத் தட்டல் எனக்குப் பழக்கமான தட்டல்.

உள்ளே பாம்பு மாதிரி ஒரு கேபிளை விட்டார்கள், அதன் நுனியில் விளக்கும் கேமராவும், கையகலத் திரையில் என் அப்பாவின் குழாய் தெரிந்தது. அவரே பார்க்காத உட்புறம். அந்தப் பழுப்பு மெருகு இன்னும் அப்படியே மினுங்கியது, இரண்டு அடிக்கு ஒரு மூட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் ஒரே கோட்டில், ஏழாவதில் கேமரா நின்றுவிட்டது, திரை முழுக்க வேர், எண்ணெய் காணாத ஜடை மாதிரி மேலிருந்து தொங்கிக்கொண்டு, அதில் கழிவறைத் துடைப்புத் தாளும் நாரும் முடியும் சிக்கிக்கொண்டு. "வேப்பமரம் சார்" என்றான் பெரியவன், "சணல் மக்கிப்போன எடத்துல பூந்துக்குது, தண்ணி கண்டா விடாது." அப்பாவே நட்ட மரம். கீழடியில் தோண்டியெடுத்த சுடுமண் குழாய்களின் படத்தைப் பேப்பரில் பார்த்தபோது, ஒன்றின் வாய்க்குள் ஒன்று நுழைந்திருந்ததைக் கண்டு எனக்கு நாலு நாள் தலைகால் புரியவில்லை, அந்த வாய்களிலும் ஏதோ மரத்தின் வேர் நுழைந்திருக்கும், யாரோ ஒருத்தர் திட்டிக்கொண்டே தோண்டியிருப்பார் என்று இப்போதுதான் தோன்றியது.

வேரை வெட்டித் தண்ணீரைப் பீச்சி அடித்தால் ஆறு மாதம் தாங்கும், இல்லாவிட்டால் மொத்தமும் எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டுவிடலாம் என்றார்கள், இரண்டாவதற்குச் சம்மதித்தேன். மறுநாள் பள்ளம் பறித்தார்கள், பதினைந்து குழாயில் பதினொன்று முழுசாக வந்தன, ஒன்றைத் தட்டிப் பார்த்தேன், அதே வெண்கலச் சத்தம். புதுக் குழாய்க்கு வாட்டம் எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டதற்குச் சின்னவன் செல்போனை எடுத்துக் குழாய் மேல் படுக்கவைத்தான், திரையில் ஒரு எண் வந்தது, சரி சார் என்றான். ரசமட்டமோ டியூபில் தண்ணீரோ இல்லை, பள்ளத்தின் கரையில் குந்தி உட்கார யாருக்கும் அவசியமில்லை, எண் சரியாகத்தான் இருந்தது, நான் மனசுக்குள் நாற்பதால் வகுத்துப் பார்த்துக்கொண்டேன்.

பதினொரு மணி வெயிலில் பெரியவன் தண்ணீர் கேட்டான். நான் உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்து, கடையில் வாங்கிவைத்திருந்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன், வீட்டில் டம்ளர் இல்லாமல் இல்லை, அடுக்கில் பதினாறு இருக்கின்றன. திரும்பிப் போய் எவர்சில்வர் டம்ளரில் காபியோடு வந்தேன், எதையோ சரிக்கட்டிவிட்ட நினைப்பு முகத்தில் இருந்திருக்க வேண்டும். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான், "கையெல்லாம் அழுக்கு சார், பேப்பர் கப்பு இருந்தா குடுங்க, குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடலாம்" என்றான். குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு குடி தம்பி என்றேன், கழுவினான், அப்படியும் விளிம்பில் உதடு படாமல் அண்ணாந்துதான் குடித்தான், சூட்டில் கண்ணில் நீர் வர. பேர் கேட்டேன், சொன்னான், எதற்குக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை, பில்லுக்கு என்று நினைத்துக்கொண்டு இனிஷியலையும் சேர்த்துச் சொன்னான்.

மண்ணைத் தள்ளுமுன் கொஞ்சம் இருங்கள் என்று உள்ளே போய் மஞ்சள் பொடி பாக்கெட்டைத் தேடினேன், மனைவி ஒன்றும் கேட்கவில்லை, அவளும் அப்பாவின் காலத்தில் இந்த வீட்டுக்கு வந்தவள்தான். சின்னவன் சிரித்துக்கொண்டே வாளியைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனான், நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசல் சேம்பரில் குனிந்தேன், இந்த வயதில் குனிந்தால் நிமிர ஒரு சுவர் வேண்டியிருக்கிறது. "ஊத்திட்டேன் சார்" என்று குரல் வந்தது, எண்ண ஆரம்பித்தேன். எட்டிலேயே வந்துவிட்டது, வழவழ குழாய், நாக்கு நீட்டி வரவில்லை, மொத்தமாக ஒரே பாய்ச்சலாக வந்து, நான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதற்குள் தெருப் பக்கம் நெசப்பாக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிப் போய்விட்டது. "வந்துச்சா சார்?" என்று பின்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான், பன்னிரண்டு வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.